தாங்கி வற்றிய பின்

மாவடிப்பள்ளியில் அம்பாறை வீதியோரம் உள்ள கராஜ் ஒன்றில் பழைய டொயோட்டா ஒன்று பொனற் திறந்தபடி நின்றது. உள்ளே 4ஏ-ஜிஸெட்ஈ எஞ்சின்: 1,587 சீசீ, பெல்ட்டில் சுழலும் ரூட்ஸ் வகைச் சுப்பர்சார்ஜர், தேவைப்படும்போது மட்டும் அதைப் பிணைக்கும் மின்காந்தக் கிளச். இன்டர்கூலரை யாரோ எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். அதற்கு ஈடாக, கண்ணாடி கழுவும் தண்ணீர்ப் போத்தலிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் ஓடி, சுப்பர்சார்ஜருக்குப் பின்னால் வளிக்குழாயில் முடிந்தது.

"பாருங்க காக்கா, தண்ணி அடிச்சா நொக் நிண்டிரும்" என்றார் கராஜ்காரத் தம்பி.

வயல்களுக்கு நடுவே காரைதீவுப் பக்கம் நேராக ஓடும் பாதையில் ஓட்டிப் பார்த்தோம். மூன்றாம் கியரில் முழுதாக மிதித்தபோது, தகரப் பேணிக்குள் சரளைக்கல் குலுங்குவது போன்ற ஓசை எழுந்தது. பம்பின் சுவிட்சைத் தட்டியதும் நின்றது. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் காதுக்கு நொக் நின்றது என்பது ஒரு சான்று மட்டுமே. எஞ்சினை நீர் தெளித்துக் குளிர்விப்பது நூறாண்டுக்கு மேற்பட்ட முறை. அதை ஒரே ஓசையால் தேறியதாகவோ தவறியதாகவோ அறிவிப்பது முறைக்கும் நியாயம் இல்லை, எஞ்சினுக்கும் நியாயம் இல்லை.

முதலில் சொல்லைச் சீர்செய்ய வேண்டும். 'எஞ்சினைக் குளிர்விக்கிறது' என்ற வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு கூற்றுகள் கலந்து கிடக்கின்றன. சுப்பர்சார்ஜர் நெருக்கிச் சூடாக்கிய வளியைக் குளிர்விப்பது ஒன்று. சிலிண்டருக்குள், பிஸ்டன் மேலேறி நெருக்கும்போது, இன்னும் எரியாத கலவையைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது இரண்டு. எஞ்சினின் உலோக உடலைக் குளிர்விப்பது மூன்று. மூன்றாவதை நம்பி நீர் தெளிப்பவர் ஏமாறுவார். அது ரேடியேட்டரின் வேலை, டாஷ்போர்ட்டில் வெப்ப முள் இந்தத் தெளிப்பால் அசைவதும் அரிது. விவாதத்துக்குரியவை முதல் இரண்டும். அவற்றைத் தனித்தனியே நிறுத்துப் பார்த்தால் தராசு இரண்டு தடவையும் ஒரே பக்கம் சாய்வதில்லை.

வளியை எடுத்துக்கொள்வோம். இந்தக் கரையோரப் பகல் வெப்பம் 30 பாகை என்று வைப்போம். அந்த வளியை வளிமண்டல அமுக்கத்தின் ஒன்றரை மடங்குக்கு நெருக்கினால், இழப்பே இல்லாத இலட்சிய அமுக்கிகூட அதை 67 பாகைக்கு ஏற்றிவிடும். வினைத்திறன் 55 வீதம் அளவிலுள்ள ரூட்ஸ் வகையில் வெளிவரும் வளி 98 பாகையைத் தொடும். முழுப்பாரத்தில் ஒரு கிலோகிராம் வளிக்குச் சுமார் 80 கிராம் பெற்றோல் போகிறது. அந்தப் பெற்றோலின் எடையில் 15 வீதம், அதாவது 12 கிராம் நீர் தெளிக்கிறோம். ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும்; பெற்றோல் உறிஞ்சுவது அதில் ஏழில் ஒரு பங்கு. அந்த 12 கிராமும் ஒரு துளி மிச்சமின்றி ஆவியானால் வளி 29 பாகை குளிரும். 98 என்பது 69 ஆகும்.

இது சிறிய சாதனை இல்லை. ஆனால் 70 வீதத் திறனுள்ள சாதாரண இன்டர்கூலர் அதே வளியை 50 பாகைக்குக் கொண்டுவந்துவிடும். அதற்குத் தாங்கியும் வேண்டாம், பம்பும் வேண்டாம், யாருடைய ஞாபகமும் வேண்டாம். வளியைக் குளிர்விக்கும் முறையாக மட்டும் பார்த்தால் நீர்த்தெளிப்பு இன்டர்கூலருக்கு இரண்டாமிடமே. இன்டர்கூலரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் நீரைப் பூட்டுவது, கையில் இருந்த நல்லதைக் கொடுத்துக் குறைந்ததை வாங்குவதாகும்.

சிலிண்டருக்குள் நிலைமை தலைகீழ். வளிக்குழாயில் ஆவியாகாமல் தப்பிய துளிகள், பிஸ்டன் மேலேறும்போது அந்த நெருக்கலின் சூட்டையே தின்று ஆவியாகின்றன. தீப்பொறியிலிருந்து பரவும் சுவாலை வந்து சேருமுன் ஒரு மூலையில் நெருங்கிக் கிடக்கும் கலவை தானாகவே வெடிப்பதுதான் நொக். அந்த மூலையின் வெப்பத்தை நீர் உள்ளிருந்தே தணிக்கிறது. இன்டர்கூலரால் இது முடியாது, அதன் அதிகாரம் வால்வின் வாசலோடு முடிகிறது. நீருக்கே உரிய தகுதி என்று ஒன்றைச் சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இந்தத் தகுதியை முதலில் உணர்ந்தவர்கள் வேகப்பிரியர்கள் அல்லர். ஹங்கேரியரான டோனாட் பாங்கி 1890களிலேயே நெருக்கல் விகிதத்தை உயர்த்துவதற்காகச் சிலிண்டருக்குள் நீரைச் சேர்த்தார். கேம்பிரிட்ஜில் பேர்ட்ரம் ஹொப்கின்சன் 1913இல் பெரிய வாயு எஞ்சின்களை உள்ளே நீர் பாய்ச்சியே குளிர்விக்கலாம் என்று காட்டினார். மண்ணெண்ணெயில் ஓடிய ரம்லி ஒயில்புல் உழவு இயந்திரங்களில் பாரம் ஏறும்போது நொக்கை அடக்க நீர் சேர்க்கும் ஏற்பாடு இருந்தது. ஆக, கார்ப் பந்தயத்துக்கு வருமுன் இந்த முறை வயலில் உழைத்திருக்கிறது. மாவடிப்பள்ளி போன்ற வயலூரில் அது இன்று கராஜுக்குள் வந்து நிற்பதை அந்நியமான விளையாட்டாக நான் பார்க்கவில்லை.

முறை முழுமை பெற்றது இரண்டாம் உலகப் போரின் விமானங்களில். பிராட் அன்ட் விட்னி ஆர்-2800 எஞ்சினின் பிந்திய வடிவங்கள் 2,000 குதிரைவலுவிலிருந்து, நீரின் துணையோடு, குறுகிய நேரத்துக்கு 2,200 அளவுக்கு ஏறின. இந்த எஞ்சின் குடும்பத்தைச் சுமந்த ஹெல்காட், கோர்செயார் விமானங்கள் 1944இல் நமது திருகோணமலையைத் தளமாகக் கொண்ட பிரித்தானியக் கப்பற்படையிலும் இருந்தன. ஆர்-2800இல் கற்க வேண்டியது அந்த ஏற்பாட்டின் ஒருங்கிணைவை. நீர் பாயத் தொடங்கியதும் இன்னொரு வால்வு பெற்றோலைக் குறைக்கும். அதுவரை குளிர்ச்சிக்காகவே வீணாக ஊற்றப்பட்ட மேலதிக எரிபொருள் அப்போது தேவையற்றதாகிவிடும். அமுக்கத்தின் எல்லையும் உயரும். நீர், கலவை, அமுக்கம் மூன்றும் ஒரே கட்டளைக்கு ஒன்றாக அசைந்தன. மூன்றில் ஒன்று தனித்து அசைந்தால் பயனில்லை. பழைய பெற்றோல் அளவையும் பழைய டைமிங்கையும் அப்படியே விட்டுவிட்டு நீரை மட்டும் ஊற்றினால் எரிதல் மந்தமாகும், வலு கூடாமல் குறையும். நீர் தானாக வலு தருவதில்லை. வலு எடுப்பதற்கு இடம் விட்டுக் கொடுக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்தாத பொருத்தல் அரைகுறை.

ஜெர்மானியரின் எம்டபிள்யூ 50 ஏற்பாட்டில் நீரும் மெதனோலும் ஏறத்தாழச் சரிபாதி. ஒரே மூச்சில் பத்து நிமிடம் என்பது எல்லை. இந்த எல்லையைக் குறையென்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையாகப்படுகிறது. எவ்வளவு நேரத்துக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட முறை அது. எயார் சிலோன் இயக்கிய அவ்ரோ 748 வகை விமானத்தின் டார்ட் எஞ்சினிலும் இதே ஒழுங்கைக் காணலாம். வெப்ப நாட்டில் மேலெழும்போது இழக்கும் வலுவை அது நீர்-மெதனோல் கலவையால் மீட்கக்கூடியது. தேவை எப்போது வரும் என்று விமானிக்குத் தெரியும். தாங்கியைப் பார்ப்பதற்கென்றே தரையில் ஆள் இருப்பார்.

முறை வீதிக் காருக்கு வந்தபோது இந்த இரண்டுமே காணாமற்போயின. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரை அதனால்தான் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். 215 கன அங்குல அலுமினிய வீ-8 எஞ்சின், கரெட்டின் டர்போ, 215 குதிரைவலு. நெருக்கல் விகிதம் 10.25. டர்போ பூட்டிய எஞ்சினுக்கு, அதுவும் அந்தக் காலத்தில், இது மிகத் துணிச்சலான எண். துணிச்சலைத் தாங்கிப் பிடித்தது 'டர்போ ரொக்கெட் ஃப்ளுயிட்' என்ற பெயரில் விற்ற காய்ச்சி வடித்த நீர், மெதனோல், துருத்தடுப்பான் கலவை. பொறியியலில் குறை சொல்வது கடினம். தாங்கி வற்றினால் எச்சரிக்கை விளக்கு எரியும், இன்னொரு கதவு மூடி அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும். எஞ்சின் உடையாது. ஆனால் ஓட்டுநர் காசு கொடுத்து வாங்கிய வலு போய்விடும். பலர் தாங்கியை நிரப்பவேயில்லை. உற்பத்தி 1963உடன் நின்றது. பிறகு நிறுவனமே டர்போவைக் கழற்றிச் சாதாரணக் காபரேட்டர் பூட்டிக்கொடுக்க முன்வந்தது.

ஜெட்ஃபயர் வந்த அதே 1962இல், அதே ஜெனரல் மோட்டர்ஸ் குடும்பத்திலிருந்து ஷெவ்ரோலெ கோர்வேர் மொன்ஸா ஸ்பைடரும் டர்போவோடு வந்தது. அதற்கு நீரும் இல்லை, கலவையும் இல்லை. நெருக்கல் விகிதத்தை 8க்கு இறக்கிவிட்டு 150 குதிரைவலுவோடு அடங்கி நின்றது. கற்பனையில் அது ஜெட்ஃபயருக்குப் பின்னால்தான். ஆனால் கோர்வேரின் டர்போ 1966வரை விற்றது, வழியில் 180 குதிரைவலுவுக்கும் வளர்ந்தது. அழகான தீர்வு இரண்டு ஆண்டும் அடக்கமான தீர்வு ஐந்து ஆண்டும் வாழ்ந்ததற்குக் காரணம் வெப்ப இயக்கவியலில் இல்லை. ஜெட்ஃபயரில் நீர் மேலதிக உதவியாக இல்லை, அடித்தளமே அதுதான். அடித்தளத்தை மாதம் ஒருமுறை போத்தலில் வாங்கி ஊற்றும்படி ஒரு குடும்பக் கார்க்காரரிடம் கேட்டது வடிவமைப்பின் பிழை. ஓட்டுநர் மீது பழிபோடும் விமர்சனங்களை நான் ஏற்கவில்லை.

இங்கிருந்து எனக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நீர்த்தெளிப்பை நீர் பாயும்போது எவ்வளவு குளிர்கிறது என்று மட்டும் பார்த்து மதிப்பிடக் கூடாது. நீர் தீர்ந்த மறுகணம் எஞ்சின் என்னவாகிறது என்றும் பார்க்க வேண்டும். தீர்ந்ததை எஞ்சின் உணர்கிறதா, உணர்ந்தால் பின்வாங்கத் தெரிகிறதா, பின்வாங்கிய பிறகும் அது ஓட்டத் தகுந்த காரா?

இந்த அளவுகோலில் பிஎம்டபிள்யூவின் 2016 எம்4 ஜிடிஎஸ் பெரும்பாலும் தேறுகிறது. பொஷ் நிறுவனத்தின் முறை அது. 3 லீற்றர் இரட்டை டர்போ எஞ்சின், சாதாரண எம்4இன் 431க்கு மாறாக 500 குதிரைவலு, பின்பெட்டியில் 5 லீற்றர் நீர்த்தாங்கி, வளி சேரும் அறையில் மூன்று நொசில்கள். வளி சுமார் 25 பாகை குளிர்வதாகத் தயாரிப்பாளர் சொல்கிறார். மேலே போட்ட கணக்கோடு அது ஒத்துப்போகிறது, அதனால் நம்புகிறேன். நீர் இல்லாதபோது கணினி அமுக்கத்தையும் டைமிங்கையும் தானே தாழ்த்தும், தாழ்த்திய பிறகும் அது வேகமான கார்தான். எதிர்ப்பக்கம்: சில நூறு கார்கள் மட்டுமே, பந்தயப் பாதைக்குப் போகும் ஆட்களுக்கானவை. தாங்கியைப் பார்த்துக்கொள்ள விருப்பமுள்ள சில நூறு பேரை முன்கூட்டியே தெரிந்தெடுத்துவிட்டால் ஜெட்ஃபயரின் பிரச்சினை தீர்ந்ததாகாது, ஒத்திவைக்கப்படுகிறது. எரிபொருள் 13 வீதம்வரை மிச்சமாகும் என்ற பொஷ்ஷின் கூற்றையும் அளந்தே வாங்க வேண்டும். முழுப்பாரத்தில் குளிர்ச்சிக்காக ஊற்றும் பெற்றோல்தான் மிச்சமாகிறது. கல்முனைச் சந்தையில் ஊர்ந்து போகும் காருக்கு அந்த மிச்சம் கிடைக்காது.

இனி நமது கரைக்கு வருவோம். இங்கே வளியில் நீர் ஏற்கனவே இருக்கிறது. 30 பாகையும் 80 வீத ஈரப்பதனும் உள்ள நாளில் ஒரு கிலோகிராம் வளிக்கு இருபது கிராமுக்கு மேல் நீராவி; கனவளவில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் ஒட்சிசன் இல்லாத வெற்றிடம் போல. இந்த ஈரமான நாளில் மண்பானைத் தண்ணீர் குளிராததை எல்லோரும் அறிவோம். அதே காரணத்தால், சுப்பர்சார்ஜருக்கு முன்னால் நீர் தெளித்து உட்செல்லும் வளியைக் குளிர்விக்கப் பார்ப்பது இங்கே பெரும்பாலும் வீண்முயற்சி. ஆவியாக இடமில்லாத வளிக்குள் துளிகள் துளிகளாகவே போய்ச் சுழலிகளின் மெல்லிய பூச்சில் மோதும். நெருக்கி முடித்த வளியோ 98 பாகையில் தாகத்தோடு நிற்கிறது; மேலும் 12 கிராமை அது தாராளமாக ஏற்கும். நமது தம்பி நொசிலைச் சுப்பர்சார்ஜருக்குப் பின்னால் வைத்திருந்தார். அறிந்து வைத்தாரோ இடம் கிடைத்ததால் வைத்தாரோ, அது சரியான இடம்.

மெதனோல் விடயத்திலும் ஊர் தன் தீர்ப்பைச் சொல்கிறது. குளிர்நாட்டில் நீர் உறையாமல் காப்பதே மெதனோலின் முதல் நியாயம். அந்தத் தேவை இங்கு இல்லை. அது விரைந்து ஆவியாகும், தானும் எரிந்து வலு சேர்க்கும் என்பது மெய்யே. ஆனால் எடைக்கு எடை நீரில் பாதிக்கும் குறைவான வெப்பத்தையே உறிஞ்சுகிறது, அலுமினியத்தை அரிக்கும், சுவாலை பகலில் கண்ணுக்குப் படாது, உள்ளே போனால் கண்பார்வையையும் உயிரையும் எடுக்கும். பிள்ளைகள் நடமாடும் வளவில் அதைப் போத்தலில் வைத்திருக்கும் அளவுக்கு அது தரும் நன்மை பெரிதில்லை. 95 ஒக்டேன் பெற்றோல் செட்டில் கிடைக்கும்போது 92ஐ அடித்துவிட்டு மெதனோலால் ஈடுகட்ட நினைப்பதும் அதே வகையான பிழை.

போத்தலில் இருந்தது கிணற்றுத் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவே நொசிலின் துளையிலும் படியும். அந்த நொசிலைக் கழற்றி, ஓர் அட்டைக்கு முன்னால் பிடித்துப் பம்பை ஓடவிட்டோம். அட்டையின் ஒரு பக்கத்தில் மிளகளவு பொட்டுகள், மறுபக்கம் காய்ந்தபடி. கண்ணாடி கழுவும் பம்பின் அமுக்கம் அவ்வளவுதான். இந்த வேலைக்கு ஏழு முதல் பத்து வளிமண்டல அமுக்கம் தரும் பம்ப் வேண்டும். துளியின் விட்டம் பாதியானால் அது ஆவியாகும் நேரம் நாலில் ஒன்றாகும். பெருந்துளி வளியோடு வளையாது. நேரே போய்க் குழாயின் சுவரில் மோதி வழிந்து, எந்தச் சிலிண்டர் வாய்ப்பாக இருக்கிறதோ அதற்குள் இறங்கும்.

அதனால் பிளக் நான்கையும் கழற்றச் சொன்னேன். நடுவிலுள்ள இரண்டும் கழுவித் துடைத்தது போல இருந்தன. நாலாவதின் வெள்ளைப் பீங்கானில் உப்புத்தூள் தூவியது போல் நுண்ணிய பொட்டுகள். அவை அலுமினியம், பிஸ்டனிலிருந்து வந்தவை. மூன்று சிலிண்டர்கள் அமைதியடைந்ததும் காது திருப்தியடைந்துவிட்டது. நாலாவது நீர் கிடைக்காமல் மெல்ல வெந்துகொண்டிருந்தது. எஞ்சினின் எல்லையைத் தீர்மானிப்பது மிகக் குறைவாக நீர் பெறும் சிலிண்டர். சராசரி அங்கே ஒன்றையும் காப்பாற்றுவதில்லை. தம்பி அந்த பிளக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

ஆக, தீர்ப்பு. கோட்பாடாக நீர்த்தெளிப்பு ஐயமின்றித் தேறுகிறது. சிலிண்டருக்குள் அது செய்யும் வேலையைச் செய்ய மலிவான மாற்று இல்லை. முறையாக, அது துணைநிலையில் மட்டுமே தேறுகிறது: முதலில் இன்டர்கூலர், பிறகு சரியான பெற்றோல், பிறகு நீர். இந்த எஞ்சின் முழுப்பாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 80 மில்லிலீற்றர் நீர் கேட்கும் என்று கணக்கிட்டேன். காரைதீவு வீதியில் ஒரு பஸ்ஸை முந்துவதற்கு அது சில விநாடிச் செலவுதான். மகியங்கனையைத் தாண்டிப் பதினெட்டு வளைவில் கண்டிக்கு ஏறும்போதுதான் இந்த முறைக்கு உண்மையான வேலை வருகிறது. ஒன்றரை லீற்றர்ப் போத்தல் பாதி மலையில் வற்றிவிடக்கூடியதும் அங்கேதான். அந்த இடத்தில், நீர் நின்றதும் சுப்பர்சார்ஜரின் கிளச்சைத் தானாக விடுவிக்கும் ஒரு சுவிட்ச் இருந்தால் இந்தப் பொருத்தலை நான் ஏற்பேன். டொயோட்டா அந்தக் கிளச்சை எஞ்சினிலேயே தந்திருக்கிறது. நீர் அமுக்கத்தை உணரும் சுவிட்ச் ஒன்றும் ஒரு ரிலேயும் போதும். இப்போது உள்ளபடி, ஓட்டுநரின் விரலை நம்பிய பொருத்தலாக, அது தவறுகிறது.

தாங்கியை யார் நிரப்புவது என்ற கேள்விக்கு இதுவரை கண்ட பதில்களில் என்னை ஈர்த்தது பிஎம்டபிள்யூ 2015இல் காட்டிய 1 சீரிஸ் பரிசோதனைக் கார். ஏசி வளியிலிருந்து பிரித்துக் கீழே சொட்டவிடும் நீரையே அது தாங்கிக்குத் திருப்பியது. மூனிச்சைவிட இந்தக் கரைக்கே அந்த யோசனை அதிகம் பொருந்தும். நமது எஞ்சினிடமிருந்து ஒட்சிசனைப் பறிக்கும் அதே ஈரப்பதன், நின்றுபோன ஒவ்வொரு ஏசிக் காருக்குக் கீழும் ஒரு சிறு குட்டையை விட்டுப்போகிறது.

கராஜில் ஒரு வான் ஏசி போட்டபடி நின்றது. அதன் வடிகுழாயின் கீழ் ஒரு ஜேம் போத்தலை வைத்தோம். தேநீர் குடித்து முடிக்குமுன் அதன் அடி மறைய நீர் சேர்ந்துவிட்டது. ஒரு கண்ணாடித் துண்டில் கிணற்று நீர் ஒரு சொட்டும் அந்த நீர் ஒரு சொட்டும் விட்டு வெயிலில் வைத்தோம். காய்ந்ததும் கிணற்றுச் சொட்டின் இடத்தில் வெள்ளை வளையம் ஒன்று இருந்தது. மற்ற இடத்தை விரலால் தடவிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. தம்பி கையைத் துடைத்துக்கொண்டு, கழற்றிப் போட்ட இன்டர்கூலர் யாரிடம் போயிருக்கும் என்று விசாரிக்கப் போனை எடுத்தார்.